சொதிக்குள் விழுந்த நூல்

வட்டக்கச்சி
28.06.2024

அன்பு மருமகள் யதுர்ஷிகாவுக்கு,

மாமி எழுதுகிறேன். இங்கே நானும் சுதாகரனும் சுகம். தண்ணீரூற்றில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டுதான் பேனையைப் பிடித்தேன். நான் சொன்ன சொல் பொறுக்காமல் தையல் மெசினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நீ அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். பதினொரு தரம் அழைத்தேன். நீ போனைத் தொடவில்லை. கடிதம் என்றால் பாதியில் வெட்ட முடியாதுதானே? நாளைக்கு உன்னிடம் வரும் உன் புருஷன் சுதாகரனிடமே கொடுத்துவிடுகிறேன். கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழி.

கிளிநொச்சி ரவுணில் உங்கள் இருவருக்கும் அவன் வாடகை வீடு பார்த்துவிட்டானாம். திங்கட்கிழமை சாவி வாங்குகிறானாம். இதுகூட பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் என்னோடு கதைப்பதெல்லாம் "சோறு போடுங்கோ", "போட்டு வாறன்" என்ற இரண்டு கதைதான்.

வெயிலைப் பற்றிச் சொல்லி வேலையில்லை. சோளகக் காற்று முற்றத்துப் புழுதியை அள்ளிக் குசினிக்குள் கொட்டுகிறது. கிணற்றடியில் தண்ணீர் வைத்த சிரட்டைக்குப் புலுனிக் குருவிகள் ஏழெட்டாக வருகின்றன. குடிப்பது கொஞ்சம், குளிப்பதுதான் கூட. நேற்று அக்கா பாலைப்பழம் கொண்டுவந்து தந்தா. போன வருசம் நீயும் நானும் ஒரு சுளகு பழத்தையும் தின்று முடித்து, பழத்தின் பாலில் உதடு ஒட்டிப்போய் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோமே, நினைவிருக்கிறதா? நாங்கள் இருவரும் அரை மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். நேற்றுத் தனியாகத் தின்றேன். ருசிக்கவில்லை.

சரி, நான் எழுத வந்தது ஒரு குருவியைப் பற்றி.

நீ போய் நாலாம் நாள், உன் மெசின் இருந்த யன்னலுக்கு வெளியே, தாழ்வாரத்துக் கம்பியில் ஒரு பிடி குப்பை தொங்கக் கண்டேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே, விளக்குமாற்றை ஓங்கிவிட்டேன். அந்த நேரம் பெருவிரல் அளவில் ஒரு தேன்சிட்டு என் மூக்குக்கு நேரே வந்து கத்திய கத்து! இந்த வீட்டில் என்னை எதிர்த்துக் கதைக்க நீ ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இதே வேலையாகிவிட்டது. கதிரையைப் போட்டிருந்து, அது என்ன செய்கிறது என்று விடுப்புப் பார்க்கிறேன். கூடு கட்டுவதெல்லாம் பெட்டைதான். மினுக்கிக்கொண்டு ஒரு ஆண் குருவியும் இருக்கிறார்; அவர் முருங்கையில் இருந்து பாட்டுப் படிப்பதோடு சரி. ஆரைப் போல என்று நான் சொல்லத் தேவையில்லை. கடிதம் கொண்டுவந்தவரைப் பார்த்துக்கொள்.

அந்தப் பெட்டை திரும்பத் திரும்ப யன்னல் படியில் இறங்கி, தலையைச் சரித்துச் சரித்து எதையோ தேடியது. என்ன தேடுகிறது என்று எனக்கு மண்டை காய்ந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டை உற்றுப் பார்த்தேன். சருகு, தும்பு, சிலந்தி வலை, இடையிடையே உன் பச்சை நூல், வெள்ளை நூல்! நீ தைத்து வெட்டிப் போட்ட நூலைத்தான் எடுத்திருக்கிறது. நீ போன அன்றே நான் யன்னல் படியைக் கூட்டித் துடைத்துவிட்டேனே. பாதிக் கூட்டோடு அது அந்தரப்பட்டது.

வேறு வழியில்லாமல் குப்பைக் கிடங்கில் இறங்கி நூல் பொறுக்கினேன். வேலிக்கு மேலால் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன இராசமலர், மூக்குத்தி துலைஞ்சு போச்சோ?" என்று கேட்டா. "இல்லை அக்கா, நூல் தேடுறன்" என்றேன். "உனக்கு வெயில் தலைக்கேறிட்டுது" என்று சொல்லிப் போய்விட்டா.

பச்சை, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று படியில் வேறு வேறாக வைத்துப் பார்த்தேன். சிவப்பைத் தவிர எல்லாவற்றையும் எடுத்தது. சிவப்பின் மேல் என்ன கோபமோ, இன்னும் எனக்கு விளங்கவில்லை. உனக்குத் தெரியுமா பிள்ளை?

இனித்தான் கதை. செவ்வாய்க்கிழமை தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தேன். அகப்பையால் கிண்டும்போது ஒரு பச்சை நூல் வந்தது. வீட்டில் நீயுமில்லை, மெசினுமில்லை. அண்ணாந்து பார்த்தேன். கூரை வளையில் அந்தத் தேன்சிட்டு இருந்து ஒட்டறையை இழுக்கிறது! கூடு ஒட்டுவதற்கு அதற்குச் சிலந்தி வலை வேண்டும். வலையைக் கவ்வ அலகைத் திறந்தால், அலகில் இருந்த நூல் விழுகிறது. நேர் கீழே என் சட்டி. ஒட்டறை நான் அடிக்காமல் விட்ட ஒட்டறை, சட்டி நான் மூடாமல் விட்ட சட்டி.

நீ போன அன்றைக்குச் சட்டை தைக்க வந்த பெண்களுக்கு முன்னால் உன்னை என்னவெல்லாம் சொன்னேன்! "கறிக்குள்ளயும் நூல், சோத்துக்குள்ளயும் நூல், இனி என்ர வயித்தையும் சேர்த்துத் தைச்சு விடு. மெசினைத் தூக்கிக்கொண்டு போ" என்று கத்தினேன். நீ மூன்று தரம் "நான் போடேல்லை மாமி" என்றாய். ஒரு தரம்கூட நான் நம்பவில்லை. பிழை என்னுடையது, யதுர்ஷிகா. நீ வந்தால் அதே பெண்களைக் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னாலேயே இதைச் சொல்லுவேன். கடிதத்தில் சொல்வது எனக்கு லேசு, உனக்கு அது போதாது.

இப்போது கூடு முடிந்துவிட்டது. வாசலுக்கு மேல் சின்னக் கூரைகூட வைத்திருக்கிறது. பெட்டை உள்ளே இருந்து அலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முட்டை எத்தனை என்று பார்க்க எனக்குக் கை துருதுருக்கிறது. தொட்டால் விட்டுவிட்டுப் போய்விடுமாம். அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

ரவுண் வீட்டுக்குப் போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. எந்த வீட்டில் இருந்தாலும் நீங்கள் இரண்டு பேரும் நல்லாயிருக்கவேண்டும். ஆனால் சாவி வாங்கமுதல் ஒருக்கா வந்து இந்தக் கூட்டைப் பார்த்துவிட்டுப் போ. மெசின் வைத்த இடத்தில் நான் வேறொன்றும் வைக்கவில்லை. யன்னல் படியில் சிவப்பு நூல் அப்படியே கிடக்கிறது, கூட்டவில்லை.

சொதிச் சட்டிக்கு மூடி வாங்கிவிட்டேன், பிள்ளை. வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
மாமி
இராசமலர்