ஓடை நின்றுபோன செவ்வாய்க்கிழமை

அக்டோபர் 9, 1931
மறுபடி மழை. இன்றோடு பதினோராம் நாள்.

அக்டோபர் 12
அடுப்பில் எரிக்க மக்கிய கறுப்பு மண்கட்டி வெட்டும் மேட்டுக்குப் போனேன். மேட்டின் குறுக்கே ஒரு வெடிப்பு. கையை விட்டால் முழங்கை வரை போகிறது. வந்து ருவாரியிடம் சொன்னேன். "கோடையில வெடிச்சது அப்படியே கெடக்கும். கஞ்சிய ஊத்து," என்றார். என் புருஷனுக்கு எல்லாவற்றுக்கும் கஞ்சிதான் பதில்.

அக்டோபர் 15
வெடிப்பு அன்று ஒரு சாண் அகலம். இன்று மூன்று சாண்.
எங்கள் வீடு எதிர்ச்சரிவில், உயரத்தில். ஆனால் மேட்டுக்கு நேர் கீழே, ஓடைக்கரையிலேயே ஹெக்டர் வீடு. மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். யாராவது சொல்ல வேண்டாமா?

அக்டோபர் 18, ஞாயிறு
தேவாலய வாசலில் ஹெக்டரிடம் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். "மலை நடந்து வருதாம்ல. வந்தா ஒரு டீ குடுத்து அனுப்புறேன், நீ போம்மா." ருவாரியும் சிரித்தார். அதுதான் சுட்டது.

அக்டோபர் 20, செவ்வாய்
எழுதினால்தான் மனம் அடங்கும்.
காலையில் வாளியோடு போனேன். ஓடையில் தண்ணீர் இல்லை. கல்லெல்லாம் வெளியே தெரிய, ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. மழையோ கொட்டுது. அப்போ தண்ணியெல்லாம் எங்க? மேலே மண் சரிந்து அடைத்து, தண்ணீர் அதன் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது —
ஓடினேன். ஹெக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் எழுந்திருக்க மாட்டார். "உங்க கிடா எங்க வேலியில கழுத்து மாட்டிக் கெடக்கு. சீக்கிரம் வாங்க," என்றேன்.
பூட்ஸ் கயிற்றைக்கூடக் கட்டாமல் வந்தார். வழியெல்லாம் திட்டு. "உன் புருஷனுக்கு ஒரு கம்பி ஒழுங்கா கட்டத் தெரியுமா?"
பாதிச் சரிவில் சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. வண்டி வண்டியாகக் கல் கொட்டுகிற மாதிரி, நிற்காமல். திரும்பினால் கறுப்புச் சேறு சுவராக வருகிறது. அது போனபின் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை.
"நாயக் கட்டி வெச்சிருந்தேன்," என்றார் ஹெக்டர்.
நாயை நான் நினைக்கவே இல்லை. ஏன் நினைக்கல?

அக்டோபர் 21
ஹெக்டர் எங்கள் வீட்டில். என்னோடு பேசவில்லை. ருவாரி மேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்று கஞ்சியை அவரே ஊற்றினார்.

நவம்பர் 3
ஒரு நாளில் எத்தனை தடவை போய் ஓடையைப் பார்க்கிறேன்? ஓடுகிறது. ஓடினாலும் பயம்தான்.

நவம்பர் 14
ஊரார் சேர்ந்து ஹெக்டருக்கு வீடு கட்டித் தருகிறார்கள். காலையில் ஹெக்டர் மண்வெட்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.
"எங்க கட்டலாம்னு நீ வந்து சொல்லு, மர்சலி."
சரிவு முழுக்க நடந்தேன். எந்த இடமும் எனக்குத் திடமாகத் தெரியவில்லை. கடைசியில் பாறை வெளியே தெரியும் ஓரிடத்தைக் காட்டினேன். நான் தயங்கியதை அவர் பார்த்தார். ஏன் இந்த இடம் என்று கேட்கவில்லை. அங்கேயே மண்வெட்டியை ஊன்றினார்.