என் முழங்காலை இடித்த டேங்க்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நானும் அப்பாவும் சுகம், மனசைப் பற்றி இப்போது கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்பித்தான் திட்ட ஆரம்பிக்கிறேன்.

அப்பாவின் பழைய லாரியில் சீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து அடி விட்டுப்போனது உனக்குத் தெரியும். புதிதாகச் செய்ய வேண்டும், அட்டையில் மாதிரி வெட்டிக் கொடு என்று அப்பா அளவு எழுதிய தாளை நீட்டினார். முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிற கை, நூல் பிசகாமல் வெட்டிக் கொடுத்தேன். ஒரு பக்கம் ஒல்லியாகவும் மறுபக்கம் ஒரு சாண் தடிமனாகவும் படி வைத்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டதற்கு, தொண்ணூறு லிட்டர் பிடிக்க வேண்டாமா, உன் மகன் போட்ட கணக்கு என்றார். நானும் பெருமையாக இருந்துவிட்டேன். வெல்டிங்காரர் டேங்கைப் பொருத்திவிட்டுப் போன பிறகு, சீட்டுக்கு உறை தைக்க அளவெடுக்கலாம் என்று ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். முழங்கால் போய் முன்பலகையில் மடேரென்று இடித்தது. ஒல்லியான பக்கம் ஓட்டுகிறவருக்கு, என் சீட்டை முன்னால் தள்ளுகிற தடித்த பக்கம் எனக்கு. அறுவை செய்த கால் முழுசாக மடங்காது என்று தெருவுக்கே தெரியும், உங்கள் இருவருக்கும் மட்டும் தெரியாது. அப்பாவிடம் கேட்டால், அவன்கிட்ட கேட்டுத்தானே செஞ்சோம் என்று நீ போனில் அனுப்பியதைக் காட்டுகிறார். அம்மா எங்க வரப்போறாங்க, அந்தப் பக்கத்து சீட்ட முன்னாடி தள்ளிக்கலாம்பா என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அப்பா, சரி என்று ஒரே வார்த்தை.

நான் எங்கே வரப்போகிறேனா? நாலு வருஷமாக அந்த லாரியின் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது யார்? ஓடத் தொடங்கியதும் முதல் பயணம் அவன் வீட்டுக்குத்தான், நீயும் நானும் பேசிக்கொண்டே போவோம் என்று சொல்லித்தானே அப்பா என்னைத் தேய்க்க வைத்தார். இப்போது, நீ பஸ்ல வந்துடேன், உனக்கும் சௌகரியமா இருக்கும் என்கிறார். வழியில் பெட்ரோலுக்கு நிறுத்தாமல் ஒரே மூச்சில் வந்து சேர வேண்டுமாம். யாரை விட்டுவிட்டு வந்து சேர்வது என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை அளவு எடுத்தவன் பெற்றவளுக்கு ஓர் அளவு எடுக்கவில்லை. எனக்கு வயிறு எரிகிறது, இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

மறுநாள் காலையிலேயே வெல்டிங்காரரைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னேன். நல்லவேளை, அதுவரை பெட்ரோல் ஊற்றவில்லை. பின்பக்கத்து மரத்தளத்துக்கு அடியில், இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே, நானே மல்லாந்து படுத்து அளவெடுத்து வேறு அட்டை வெட்டினேன். புகைக்குழாயை விட்டுத் தள்ளி இருக்கட்டும் என்று வெல்டிங்காரர் நாலு விரல் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். ஐம்பத்தைந்து லிட்டர்தான் பிடிக்கும். உள்ளே பெட்ரோல் அலம்பாமல் இருக்கத் தடுப்புத் தகடு வைத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து, நேற்று பொருத்தியாகிவிட்டது. லாரியோட பழைய லட்சணமே போச்சு என்று அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும். பின்னால் அடைசல் போனதும் சீட்டைத் தள்ளிப்போட்டுக் காலை நீட்டிப் பார்த்தேன், தாராளமாக இருக்கிறது. வருகிற பதினெட்டாம் தேதி கிளம்புகிறோம். வழியில் ஒரு தடவை நிறுத்தி பெட்ரோல் போட்டால் யாரும் குறைந்துபோக மாட்டார்கள்.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், என் கோபம் அதற்குக் குறுக்கே நிற்காது. கடைவாய்ப் பல்லை மருத்துவரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. இன்னொன்றும் மறக்காதே. நான் வருவேனா மாட்டேனா என்பதை இனிமேல் அப்பாவிடம் கேட்காதே, என்னிடம் கேள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தணியாத உன் அம்மா