சிப்பி ஒட்டாத வேர்

மேசைமேல் உன் கடைசி வேர் இருக்கிறது. நேற்றுதான் உப்பங்கழியிலிருந்து எடுத்துவந்தேன். மூன்று முறை கழுவியும் சேற்று நாற்றம் அறையைவிட்டுப் போகவில்லை. வேர் மட்டும் கடையில் வாங்கிய தட்டு மாதிரி பளிச்சென்று இருக்கிறது.

சுடுமண்ணில் நீ அலையாத்திக் காட்டுச் சுரபுன்னை மரத்தின் வேர்களைச் செய்தாய். மரம் அழிந்துபோன கழிக்கரையில் அவற்றை நட்டால் சிப்பி ஒட்டும், நண்டு குடியேறும் என்பாய். நீ கடலூர்ப் பக்கத்து மீனவக் குடும்பம், உனக்கு அதெல்லாம் தெரிந்திருந்தது. உன்னோடு சிற்பம் படித்த எனக்குக் கண்காட்சிதான் தெரியும். சிதம்பரத்தில் நாம் சேர்ந்து வைத்த கண்காட்சியில் உன் வேர்களுக்கு மேலே ‘இயற்கையும் மனிதனும்’ என்று எழுதி மாட்டினேன்.

“நண்டுக்குப் படிக்கத் தெரியாது மச்சான்” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வந்திருந்தவர்கள் முன்னாலேயே, “இவன் எதையும் முடிக்கமாட்டான். மேல கண்ணாடி மாதிரி ஒரு கிளேஸ்கூடப் பூசமாட்டான்” என்று திருப்பிக் கொடுத்தேன்.

நீ கோபப்படவில்லை. “வழுவழுன்னு இருந்தா எதுவும் ஒட்டாது மச்சான். நான் யாருக்குச் செய்யறேன்னே உனக்குப் புரியல.”

அதன்பின் நாம் பேசவில்லை. மஞ்சள் காமாலை உன்னை ஒரே மாதத்தில் கொண்டுபோனது. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் பட்டறையில் ஆறு வேர்கள் இருந்தன. ஐந்தைச் சுட்டு முடித்திருந்தாய். ஆறாவது சுடாமல் காய்ந்து கிடந்தது. அதை நான் சூளையில் வைத்துச் சுட்டேன். நண்பனுக்கு மரியாதை என்று நீல கிளேஸ் பூசி, மறுபடியும் சுட்டேன். மரியாதையாம். செத்தவனிடமும் நான் சொன்னதே சரி என்று சாதித்தேன், வேறொன்றுமில்லை.

உன் அண்ணன் படகில் ஆறையும் கொண்டுபோய்ச் சேற்றில் நட்டோம். ஒரு மழைக்காலம் முடிந்து, நேற்று போய்ப் பார்த்தோம். ஐந்திலும் கைவைக்க இடமில்லாமல் சிப்பி. ஒன்றின் அடியிலிருந்து நண்டு ஓடியது. அண்ணன் ஆறாவதைத் தடவிப் பார்த்தார்.

“இது மட்டும் ஏன் தம்பி இப்டி இருக்கு? அவன் செஞ்சதுதானா?”

“மேல பூசினது நான்.”

“அதான்” என்றார். அதைப் பிடுங்கி என் மடியில் வைத்துவிட்டுப் படகைத் திருப்பினார்.

உடைத்துப்போடத்தான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். சுத்தியலும் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது நீ பிசைந்த மண், அதனால் கை வரவில்லை. மேலே பளபளப்பது மட்டும்தான் நான்.