மாசிமாவின் குக்கரில் பன்றிக்கறி

செலின்,

பூசை முடிந்து வந்ததும் இக்மிக் குக்கரைத் திறந்து பார்க்காதே. அடியில் கரி கனன்றுகொண்டிருக்கிறது. வினிகர், மிளகு, பூண்டு எல்லாம் போட்டாயிற்று. சும்மா விட்டால் உன் அண்ணன் வரும்போது கறி பஞ்சாக வெந்திருக்கும். அவசரப்பட்டு விசிறினாயோ, செருப்புத் தோல்தான்.

ஆட்டுக்கறிக்கு என்று சொல்லிக் குக்கரை வாங்கி வரச் சொன்னாய். கீழ்வீட்டு வங்காளி மாசிமா கணவரை இழந்தபின் மீன்கூடத் தொடாதவர். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பன்றிக்கறி என்றே சொல்லிவிட்டேன். அதற்காக நீ ராத்திரி போட்ட சண்டையை நான் வந்ததும் தொடரலாம், முதலில் இதை முழுசாகப் படி.

அவர் எழுந்து உள்ளே போனார். பிறகு குக்கரை எடுத்துக் கொடுத்து, "திருப்பித் தர வேண்டாம்" என்றார். தீட்டுப் பட்டதை இனி எப்படி வாங்குவார் என்று குன்றிப்போய் மாடியேறினேன்.

சாதத்தை மட்டும் வடித்துவிடு. கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் வந்திருக்கிறது, சரக்கு இறக்கி முடித்து எங்களை எப்போது விடுவார்களோ. எனக்கும் இரண்டு துண்டு எடுத்து வை.

லூர்து

பி.கு: கிளம்பி இறங்கும்போது மாசிமா படியில் நிறுத்தினார், அதைச் சொல்லத்தான் திரும்பி ஏறி வந்து எழுதுகிறேன். அவர் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் அந்தக் குக்கரில் பன்றிக்கறிதான் வேகவைப்பாராம்.

"நான் மூக்கைப் பொத்திக்கிட்டுத் திட்டுவேன். இன்னைக்கு மூடியைத் திறக்கறப்போ, உங்க வாசக்கதவையும் கொஞ்சம் திறந்து வைங்கப்பா" என்றார்.

மறந்துவிடாதே, செலின். கதவை நன்றாகவே திறந்து வை.