மூன்றாம் நாள் ட்ராமில் நான் பார்த்தது

என் ஆசை அம்மாவுக்கு,

உன் பாக்கியம் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பதால் கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். அங்கே யாரிடமாவது கொடுத்துப் படித்துக்காட்டச் சொல்லிவிடாதே. இது நமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். நீ இருக்கும்போதே பேசியிருக்க வேண்டும், எனக்கு வாய் வரவில்லை.

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. தம்பி செல்வம் செம்பட்டி பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்குத் திரும்பிவிட்டான். என் சின்னவள் தினமும் உன் பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மாயி எங்க போச்சு?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது? உன் மருமகன்தான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறார். எனக்கு அடுப்படிக்குள் போனாலே அழுகை வருகிறது.

அன்றைக்கு உன்னைக் குளிப்பாட்டி முடித்த பிறகு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். மஞ்சள், குங்குமம், மல்லிகைப்பூ எல்லாம் தட்டில் இருந்தன. எதிர்வீட்டு ராக்காயி அத்தை குங்குமத்தை எடுத்த கையோடு நின்றுவிட்டாள்.

"ஏத்தா பாக்கியம், பூவும் பொட்டும் வைக்கவா, வேணாமா? ஒங்கப்பா இருக்காகளா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

கூடியிருந்த பொம்பளைகள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா போன பிறகும் பதினாறு வருஷமாக நீ தினமும் காலையில் கண்ணாடி பார்த்து வைத்துக்கொண்ட பொட்டு. அதை வைக்கலாமா என்று உன் மகளிடமே கேட்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வைங்கத்தே, நல்லா பெருசா வைங்க" என்றேன். நான் சத்தம் போட்டுவிட்டேன் என்று அப்புறம் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

உன் அண்ணன், ராயபுரத்து மாமா, பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாம் மெட்ராஸுக்குப் போன பேச்சை எடுத்தேன். அஞ்சு நாளும் ட்ராமில் ஊர் சுற்றினோமே மாமா, அம்மா எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்றேன். அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்.

"ஊர் பாக்கவா வந்தா அவ? ஒங்கப்பனத் தேடி வந்தா புள்ள. ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, அம்மா.

எனக்குத் தெரிந்த கதை என்ன? அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். மெட்ராஸில் பெரியமேட்டுத் தோல் மண்டிக்குச் சரக்கோடு போனார். வேலை ஒழியவில்லை, ஒழிந்ததும் வருவார். இவ்வளவுதான். அப்போதே ரெண்டு வருஷமாகக் கடிதாசு இல்லை என்பதும், மண்டியில் விசாரித்தபோது அவர் எப்போதோ வேலையை விட்டு நின்றுவிட்டார் என்றதும், சைனா பஜார் பக்கம் பார்த்ததாக யாரோ ஒருவன் சொன்னதும் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ வேலை பார்த்த புகையிலைக் கிட்டங்கியில் லீவு கேட்டு, எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ரயில் ஏறினாய். எனக்கு ஒன்பது வயது, செல்வத்துக்கு ஐந்து. "மெட்ராஸப் பாத்துட்டு வருவோம்" என்று மட்டும்தான் எங்களிடம் சொன்னாய்.

நாங்களும் பார்த்தோம். மாமா வேலைக்குப் போனதும் நீ எங்களுக்குத் தலை வாரி, ராயபுரத்தில் ட்ராம் ஏற்றிக் கூட்டிப்போவாய். பஸ் வேண்டவே வேண்டாம் என்றாய். பஸ்காரன் அவன் இஷ்டத்துக்கு எங்கே வேண்டுமானாலும் திருப்புவான், நமக்குப் போக்கிடம் தெரியாது. ட்ராம் தண்டவாளத்தை விட்டு இறங்க முடியாதல்லவா? கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கின பிறகும் நீ அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அந்தக் கண்டக்டர் சிரித்தாரே.

"இன்னாமா, எறங்கலையா?"

"தண்டவாளத்துல போற வண்டிதானப்பு, திரும்பி அங்கனதான வரணும்? டிக்கெட்ட கிழிங்க."

ட்ரைவர் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வண்டியின் மறுகோடிக்கு நடந்து போவார். பின்பக்கம் முன்பக்கமாகிவிடும். செல்வத்துக்கு அது ஒன்று போதும், கைதட்டிக்கொண்டே இருப்பான். இன்றைக்கும் அவனுக்கு ஞாபகம் இருப்பது அந்த மணிச்சத்தம் ஒன்றுதான். அப்பாவின் முகம்கூட அவனுக்கு நினைவில்லை.

எங்களை எப்போதும் நடுவில் தள்ளிவிட்டு நீ ஓரத்தில் உட்காருவாய். "அந்தா பாரு, செவப்புக் கட்டடம், கோர்ட்டாம். எம்புட்டு ஒசரம்! அங்கிட்டுப் பாரு, ஸ்டேஷன் மணிக்கூண்டு!" உன் விரல் எப்போதும் மேலேயே காட்டியது. நாங்கள் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப்போனோம். நாங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது நீ கீழே, பிளாட்பாரத்தில் போகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. எத்தனை ஆயிரம் முகம் அம்மா? உனக்குக் கண் வலிக்கவில்லையா?

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள். சைனா பஜாரில் ஒரு மாட்டுவண்டி தண்டவாளத்தின் மேலே நின்றுவிட்டது. மாடு நகர மாட்டேன் என்றது. ட்ரைவர் மணியை மிதித்து மிதித்துப் பார்த்தார். வண்டிக்காரர் மாட்டைத் திட்ட, ட்ரைவர் வண்டிக்காரரைத் திட்ட, ட்ராம் முழுக்கச் சிரிப்பு. நீயும் எட்டிப் பார்த்துச் சிரித்தாய். செல்வம் உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் கழுத்து வலிக்கிறதென்று மறுபக்கம் திரும்பிக் கீழே பார்த்தேன்.

சர்பத் கடை வாசலில் அப்பா நின்றிருந்தார்.

பத்தடி தூரம்கூட இருக்காது. மீசையை எடுத்திருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். ஆனால் சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டே நின்ற அந்த நிலை வேறு யாருக்கும் வராது. தனியாகத்தான் நின்றார். ஒரு வாய் குடித்தார், துண்டால் உதட்டைத் துடைத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அப்பா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போது உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. நீ அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. திண்டுக்கல் வீட்டில் அப்பா இருந்தபோது நீ தலையைக் குனிந்துகொண்டுதான் பேசுவாய். வெஞ்சனத்தில் உப்புக் கூடினால் தட்டு சுவருக்குப் பறக்கும், நீ சத்தமில்லாமல் சுவரைத் துடைப்பாய். இவரைக் கூப்பிட்டால் இந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று அந்த ஒன்பது வயசுக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். மாடு நகர்ந்தது, ட்ராமும் நகர்ந்தது.

இதில் பாதிதான் நியாயம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அப்பா வந்துவிட்டால் மறுநாள் ட்ராம் கிடையாது என்றும் நினைத்தேன்.

இத்தனை வருஷமும் நான் செய்தது நல்லது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைக் காப்பாற்றிவிட்டதாக உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. நீ தேடித்தான் வந்தாய் என்று எனக்குத் தெரியாதே? அதற்குப் பிறகும் இரண்டு நாள் நீ அதே ட்ராமில் ஏறினாய். அதே ஓரத்தில் உட்கார்ந்து அதே தெருவைப் பார்த்தாய். பக்கத்திலேயே நான் பொட்டுக்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு நாளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை அம்மா.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ராயபுரத்தில் இறங்கியதும், "போதும்த்தா, ஊருக்குப் போவோம்" என்றாய். "இன்னும் ஒரே ஒரு நாள்மா" என்று நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ என்னைத் தூக்கி நிறுத்திப் பாவாடையைத் தட்டிவிட்டாய்.

"எனக்கும் ஆசதான்த்தா. பாத்த எடத்தையே எம்புட்டு நாளைக்குப் பாக்குறது?"

நீ எதற்காகத் தேடினாய்? அந்த மனிதர் மேல் ஆசை மிச்சமிருந்ததா? பிள்ளைகளுக்கு அப்பா வேண்டும் என்றா? இல்லை, அவரை நேருக்கு நேர் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கவா? மாமாவிடமும் கேட்டுப் பார்த்தேன், அவருக்கும் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அது உன் விருப்பம். உனக்கு எது நல்லது என்று முடிவு செய்ய நான் யார்? கிட்டங்கியிலிருந்து களைத்து வந்து நீ வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒவ்வொரு சாயங்காலமும் இப்போது என் கண்முன் வந்து நிற்கிறது. ஒரு தடவை சொல்லியிருக்கலாம். உனக்குக் காய்ச்சல் வந்து கிடந்த கடைசி வாரத்திலாவது சொல்லியிருக்கலாம்.

வருகிற கோடை லீவுக்கு மெட்ராஸ் போகிறேன். உன் மருமகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போய்வா என்றார். பிள்ளைகளையும் கூட்டிப் போகிறேன். ட்ராம் இப்போது இல்லை, நாம் போய்வந்த மறுவருஷமே நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில்தான் போக வேண்டும், போக்கிடம் தெரியாவிட்டால் கேட்டுக்கொள்கிறேன். எதற்குப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். உங்கள் தாத்தாவைத் தேடப் போகிறோம், கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று.

அவர் இருக்கிறாரோ இல்லையோ. இருந்தால் தலை நரைத்திருக்கும், எனக்கு அடையாளம் தெரியுமோ என்னவோ. ஆனால் கண்ணில் பட்டால் விட மாட்டேன். நடுத்தெருவானாலும், யார் பார்த்தாலும், தொண்டை கிழியக் கூப்பிடுவேன் அம்மா.

அன்றைக்கு வாய் திறக்காத உன் மூத்த மகள்,
பாக்கியம்