ஆறு ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டு கழன்றது குறித்து

அனுப்புநர்
பெ. இருளம்மாள் (வயது 46),
க/பெ. பெத்தணன்,
கீழத்தெரு, வேலிக்காட்டுப்பட்டி,
ஏழாயிரம்பண்ணை வழி,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
துணை இயக்குநர் அவர்கள்,
சுகாதாரப் பணிகள்.

பொருள்: கர்ப்பிணிகளுக்கு மேகநோய் (பால்வினை நோய்) உள்ளதா என்று பார்க்க எடுத்த ரத்தம் ஆள் மாறியிருக்கலாம் என்பதால், ஆறு பேருக்கு மீண்டும் எடுக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டியது நர்ஸம்மா அல்ல, நான்தான்.

1. சென்ற 4-ஆம் தேதி எங்கள் ஊர் முகாமில் பதினொரு கர்ப்பிணிகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். என் மருமகள் பானுப்பிரியாவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். பாதியில், பெயர் எழுதி ஒட்டும் பிளாஸ்திரி தீர்ந்துவிட்டது. கண்ணாடிக் குழாயில் பேனா பிடிக்கவில்லை. வாசலில் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போக வந்த பட்டாசுக் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் இருபது வருடமாகப் புஸ்வாணத்துக்கு லேபிள் ஒட்டுகிறவள். “தள்ளுங்க நர்ஸம்மா, வெடிக்கிற சாமானுக்கே ஒட்டுதேன், வெடிக்காததுக்கு ஒட்ட மாட்டேனா” என்று பெருமையடித்து, வீட்டிலிருந்து மைதாப் பசையை எடுத்துவந்து மீதி ஆறு குழாய்களுக்கும் காகிதச் சீட்டு ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

2. ஐஸ் பெட்டியைப் பஸ் நிறுத்தம் வரை நானே சுமந்தேன். அங்கு நர்ஸம்மா மூடியைத் திறந்தபோது ஐஸ் உருகி, ஆறு சீட்டும் தண்ணீரில் மிதந்தன. எங்கள் பசை நனைந்தால் விட்டுவிடும். எனக்கு அது தெரியும், ஒட்டும்போது நினைவு வரவில்லை. பஸ் வந்துவிட்டது. எந்தச் சீட்டு எந்தக் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்ததோ, அதை அதிலேயே ரப்பர் வளையம் போட்டு மாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் நான் பேசாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

3. பத்து நாளில் ரிசல்ட் வந்தது. அந்த ஆறு பேரில் பாண்டிச்செல்விக்கு நோய் இருக்கிறது, என் மருமகள் உட்பட மற்ற ஐவருக்கும் இல்லை என்றார்கள். பாண்டிச்செல்விக்கு ஊசி போட்டாயிற்று. அவள் புருஷன் அவளை மல்லாங்கிணற்றில் தாய் வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டான். அந்த ரத்தம் வேறொருத்தியுடையதாக இருந்தால், அவள் தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வைத்தியம் பார்க்காவிட்டால் வயிற்றுப் பிள்ளை செத்தும் பிறக்கலாம் என்று முகாமில் சொன்னார்கள். என் மருமகளுக்கு எட்டாம் மாதம் முடியப் போகிறது. என் மகன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பவன். இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

4. நர்ஸம்மாவிடம் கேட்டதற்கு, “அக்கா, என் வேலைக்கு உலை வச்சிராதீக. ஆகஸ்ட் கடைசி முகாமுல பாப்போம்” என்கிறார். அதற்குள் பிள்ளை வந்துவிடும். அவர் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். ஐந்து ஊருக்கு ஒருவராக அலைகிறார்.

ஆகவே ஆறு பேருக்கும் இந்த வாரத்துக்குள் மறுபடி ரத்தம் எடுக்க உத்தரவிட வேண்டும். பாண்டிச்செல்விக்கு மல்லாங்கிணற்றிலேயே எடுக்கலாம். பெயரும் நம்பரும் போட்ட குழாயை அந்தப் பெண்ணிடம் காட்டிய பிறகே ஊசி குத்த வேண்டும். ரிசல்ட்டை அவளிடம் மட்டும் சொல்ல வேண்டும், மாமியார் கேட்டால் சொல்லக் கூடாது. மாமியார் என்பதில் என்னையும் சேர்த்துக்கொள்ளவும். பாண்டிச்செல்வியின் புருஷனிடம் நானே போய் என் தப்பைச் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
பெ. இருளம்மாள்

இடம்: வேலிக்காட்டுப்பட்டி
நாள்: 22.7.2006

குறிப்பு: இதே மனுவைச் சென்ற திங்கட்கிழமையே விருதுநகர் வந்து குறைதீர் நாளில் பெட்டியில் போட்டேன். அது மின்வாரியத்தின் பெட்டி. நேற்று லைன்மேன் ஒருவர் வந்து எங்கள் வீட்டு மீட்டரைப் பார்த்து, குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.