வாசல் நிலையில் மூன்று கொம்பு

அன்பு மகன் மிதுனனுக்கு,

அந்த வடக்குக் குளிரில் சுரங்க வேலையோடு நீ சுகமாய் இருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனம் வரவில்லை. போனில் பேசினால் அம்மா கேட்டுவிடுவாள், அதனால் எழுதிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அம்மாவுக்கு மார்பில் கட்டி. உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். வெட்டி எடுத்தால் சுகம் வரும் என்று டொக்டர் சொல்லி, வருகிற வியாழன் ஒப்பரேசனுக்கு நாளும் தந்துவிட்டார். இவளோ மாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள்.

இந்தத் தோர்ண்ஹில் வீட்டை வாங்கியபோது வாசல் நிலையில் சாய்வாக ஒரு தகரக் குழாயை முன்பிருந்தவர்கள் அறைந்திருந்தார்களே, மூன்று கொம்பு அடையாளத்தோடு. சூலம் என்று அம்மா கண்டவுடனேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காலையில் குளித்துவிட்டு வந்து அதற்குத் தண்ணீர் தெளித்துச் சந்தனம் வைப்பாள். போன மாதம் பக்கத்து வீட்டு யூத அன்ரி எஸ்தர் அதைக் கண்டு, அது சூலமில்லை, ஷின் என்ற எபிரேய எழுத்து, கடவுளின் ஒரு பெயருக்கு முதலெழுத்து, மூன்று கொம்பும் மூன்று தீச்சுடர், உள்ளே தோல் சுருளில் எழுதிய வேதவசனம் இருக்கும், வாசலுக்குக் காவல் என்றார். எழுத்துகளைக் கொண்டுதான் கடவுள் உலகத்தைப் படைத்தாராம், ஒன்று சிதைந்தாலும் சுருள் செல்லாதாம். யூதப் புதுவருடத்துக்கு முன்பு சுருள் எழுதுகிறவரிடம் காட்டிச் சரிபார்ப்பார்களாம், எங்களுடையதையும் கொண்டுபோனார். அம்மா தெளித்த தண்ணீர் உள்ளே இறங்கி ஓர் எழுத்து அழிந்திருந்தது. வரிசையாகத்தான் எழுதலாம், அழிந்ததை மட்டும் பிறகு எழுத முடியாது, பழுதான வேதத்தைப் புதைப்பதுதான் முறை என்று குழாயோடு எடுத்துவிட்டார்கள். எஸ்தர் கோபிக்கவில்லை, பாவம், புதுவருடத்துக்கு அப்பிளும் தேனும் கொண்டுவந்து, தெரியாமல் செய்ததுதானே என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் பேச்சோடு பேச்சாக, இந்த நாட்களில்தான் யார் இருப்பார் யார் போவார் என்று கடவுள் புத்தகத்தில் எழுதி, பத்தாம் நாள் முத்திரை வைப்பார் என்றும் சொல்லிவிட்டார். அன்று பிடித்தது இந்தப் பிடி.

எழுத்தை அழித்த பயம் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றுக் கோபத்தில் கத்திவிட்டேன், அப்போதுதான் அழுதுகொண்டு சொன்னாள். நீ சுரங்கத்துக்குப் போன நாளிலிருந்து அந்தச் சந்தனம் உன் பெயருக்காம். உன் காவலைத் தன் கையாலேயே அழித்துவிட்டாளாம். கடவுள் போறதுக்கு ஒரு பேர் எடுக்கிறதெண்டா என்ரை பேரை எடுக்கட்டும், நான் வெட்டிச் சுகமாகினா அவர் பிள்ளையின்ரை பேரைத் தேடுவார் என்கிறாள். நானும் எஸ்தரும் சொல்லிக் களைத்துவிட்டோம். எனக்குப் பயமாக இருக்கிறது மகன்.

லீவு கேட்டுக்கொண்டு வா. போனில் உன் குரல் கேட்டால் சிரித்துச் சமாளித்துவிடுவாள். வியாழனுக்கு முன்பு நீ முழு ஆளாக அந்த வாசலில் வந்து நிற்க வேண்டும், அவள் தொட்டுப் பார்க்க வேண்டும். தடித்த ஜக்கெற் போட்டுக்கொண்டு பிளேன் ஏறு. நான் எழுதினேன் என்று சொல்லாதே, சும்மா வந்தேன் என்று சொல். உனக்கு நீண்ட ஆயுளைக் கடவுள் தரட்டும். குழாய் இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஆணித் துவாரங்கள்தான் இருக்கின்றன. இன்று காலையும் அவற்றுக்குச் சந்தனம் வைத்திருக்கிறாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா சச்சிதானந்தன்